குவாண்டம் புள்ளியின் நிறமாலைக் கோடு ஓரிடத்தில் நிற்கவில்லை, யோசனை தேவை

வணக்கம். காலியம் ஆர்செனைடு என்ற குறைக்கடத்திக்குள் பதிந்த ஒற்றை இண்டியம் ஆர்செனைடு குவாண்டம் புள்ளியை (ஓர் அணுவைப் போல ஒளி உமிழும் நானோ அளவுத் துகள்) 4 கெல்வினில் அளக்கிறேன். கிளர்நிலையின் ஆயுள் சுமார் 1 நானோ விநாடி. அந்தக் கணக்கில் கோட்டின் அகலம் 160 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். கிடைப்பதோ பல மடங்கு. லேசரின் அதிர்வெண்ணை வேகமாக நகர்த்தினால் கோடு மெலிகிறது, மெதுவாக நகர்த்தினால் தடிக்கிறது. பக்கத்தில் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் பொறிகளில் (படிகக் குறைபாடுகளில்) மின்னூட்டம் ஏறி இறங்குவதால் மின்புலம் மாறி, ஸ்டார்க் விளைவில் (மின்புலத்தால் ஆற்றல் மட்டங்கள் நகர்வது) உமிழ்வின் அதிர்வெண் அலைகிறது என்பது என் சந்தேகம். அணுக்கருக்களின் தற்சுழற்சி (spin) மாறுவதால் வரும் இரைச்சல் இதைவிட வேகமானது அல்லவா?

பொறிகளை நிரப்ப, பட்டை இடைவெளியைவிட (குறைக்கடத்தியில் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) ஆற்றல் கூடிய மங்கலான ஒளியைச் சேர்த்துப் பாய்ச்சிப் பார்த்தவர்கள் உண்டா? எனக்குத் திறனைச் சற்றுக் கூட்டினாலே நிலைமை மோசமாகிறது. (லேசரை மாற்றச் சொல்லாதீர்கள், கையில் வேறில்லை.) மின்னழுத்தத்தால் மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேட் மின்முனையுள்ள டயோடு அமைப்புக்கு மாறுவதுதான் வழியா?