மறு: அலைவுகாட்டியின் ‘ட்ரிகர்’: ‘ஏவி’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். அலைவுகாட்டியில் (ஆசிலோஸ்கோப்) அலையைத் திரையில் நழுவாமல் நிறுத்தும் ‘ட்ரிகர்’ சுற்றுக்கு ‘ஏவி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதையொட்டி வந்த மாற்று யோசனைகளுக்கு இது பதில்.

> ட்ரிகருக்குத் ‘தூண்டி’ என்றே வைத்துவிடலாமே?

அந்தச் சொல்லுக்கு மின்னணுவியலில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. பாடநூல்களில் மின்தூண்டி என்றால் கம்பிச்சுருள். பழைய அலைவுகாட்டியைத் திறந்து வைத்திருப்பவரிடம் ‘தூண்டிச் சுற்றைப் பாருங்கள்’ என்றால் அவர் சுருளைத்தான் தேடுவார்.

> ‘ஒத்திசைப்பி’ பொருந்தும்.

இதை நான் உறுதியாக மறுக்கிறேன். அந்தக் காலத்து எளிய கருவிகளில் வருடல் (ஸ்வீப்: ஒளிப்புள்ளி திரையின் குறுக்கே ஓடுவது) நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே வரும் அலை அதன் வேகத்தைச் சற்று இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஒத்திசைப்பு என்பது அதுதான். 1947இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 511 அலைவுகாட்டி வேறு வகை. அதில் வருடல் காத்திருக்கும். அலை குறித்த மட்டத்தைத் தாண்டியதும் ஒருமுறை ஓடும், திரும்பி வந்து மறுபடி காத்திருக்கும். இந்தக் காத்திருப்பு சொல்லில் தெரிய வேண்டும் என்பதே என் வாதம். நாணில் பூட்டிய அம்பை ஏவுகிறோம். இலக்கணத்திலும் ஏவல் வினை உண்டு. அதனால் ‘ஏவி’. ஏவு மட்டம் (லெவல்), ஏவு சரிவு (ஸ்லோப்), புற ஏவல் (எக்ஸ்டர்னல்), தன்னேவல் (ஆட்டோ) என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன.

(ஸ்வீப்புக்கு இப்போதைக்கு ‘வருடல்’ என்று எழுதுகிறேன். ‘வீச்சு’ ஆம்ப்ளிட்யூடுக்குப் போய்விட்டது. அதைத் தனி இழையில் பேசுவோம்.)

சரி, பழுதுபார்க்கும் இடத்தில் இந்தச் சொற்கள் நிற்கின்றனவா? 100 மெகாஹெர்ட்ஸ் டெக்ட்ரானிக்ஸ் 465 ஒன்றில் கோடே தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மின்வழங்கி (பவர் சப்ளை): 110, 55, 15, 5, −8 வோல்ட் ஐந்தையும் அளக்க வேண்டும். ஒன்று விழுந்திருந்தால் அந்தத் தடத்தில் டான்டலம் மின்தேக்கி ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கருவியில் அடிக்கடி வரும் கோளாறு அது. வழங்கி நன்றாக இருந்தால் தன்னேவலுக்கு மாற்றுங்கள். அதில் உள்ளீடே இல்லாவிட்டாலும் கோடு வர வேண்டும். கோடு வந்து, அலை கொடுத்ததும் நிற்காமல் நழுவினால், வருடல் சுற்று வேலை செய்கிறது, ஏவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கோடே வராவிட்டால் ஒளிர்வை நன்றாகக் குறைத்துவிட்டு வருடல் இல்லாமல் உள்ளீடுகளே புள்ளியை நகர்த்தும் எக்ஸ்-ஒய் நிலையில் போடுங்கள் (குறைக்காவிட்டால் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி பாஸ்பரைக் கருக்கிவிடும்). புள்ளி தெரிந்தால் படக்குழாயும் உயர் மின்னழுத்தமும் பிழைத்தன. தேட வேண்டியது வருடல் பக்கம்.

465இன் ஏவியில் டனல் டயோடுகள் (மிக வேகமாக நிலைமாறும் டயோடுகள்) உண்டு. மாற்று கிடைப்பது அரிது. அவற்றில் கைவைப்பதற்கு முன் ஏவு மட்டக் குமிழையும் சுவிட்சுகளின் தொடர்புகளையும் சுத்தம் செய்து பாருங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

அப்புறம் ‘ஹோல்டாஃப்’.

> ‘ஏவுதடை’ எப்படி?

‘தடை’ என்றதும் மின்தடைதான் நினைவுக்கு வரும். ‘ஏவல் தாமதம்’ என்றால் தாமத வருடலோடு (டிலேய்ட் ஸ்வீப்) குழம்பும். வருடல் முடிந்து, நேர மின்தேக்கி முழுக்க இறங்கும் வரை எந்த ஏவலையும் ஏற்காத இடைவெளி அது. ‘ஏவா நேரம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஏவா நேரம் குறைந்துபோய் அலை இரட்டையாகத் தெரிகிறது’: விளக்கம் தேவைப்படவில்லை.

பட்டறைப் பேச்சில் ‘ட்ரிகர் ஆகலை’ என்பது அப்படியே இருக்கட்டும், அதை மாற்றச் சொல்லவில்லை. நான் கேட்பது எழுதப்போகும் கையேட்டுக்கான சொல். ராக்கெட்டுக்கும் ‘ஏவுதல்’ இருக்கிறதே என்ற கேள்வி வரும்; ஒரே சுற்றுப்படத்தில் இரண்டும் வராது என்பதால் அது என்னைத் தடுக்கவில்லை.

வால்வு காலத்து டெக்ட்ரானிக்ஸ் 545 போன்றவற்றில் வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ‘ஏவி’ ஒத்துவராத ஒரு பழுது வாக்கியம் உங்களிடம் இருந்தால் அதையே எழுதி அனுப்புங்கள். சொற்பட்டியலில் சேர்ப்பதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்