பழைய ஃபோர் வீல் வேகன்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் வாங்கலாமா?

சென்னையிலிருந்து வந்து செத்தாப்பாக்கில் குடியேறியிருக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணே, 2007 சுபாரு வேகன் ஒன்று மலிவாக வருகிறது. ஃபோர் வீல் டிரைவாம். தினசரி ஓட்டத்துக்கு வாங்கலாமா?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு வண்டியைத்தான் பதினோரு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது சுபாரு லெகசி டூரிங் வேகன். கூரை பின்வரை நீண்டு, பின்சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடம் உள்ள காரைத்தான் வேகன் என்கிறோம். ஃபோர் வீல் டிரைவ் என்றால் எஞ்சின் விசை நான்கு சக்கரத்துக்கும் போகும். 1994 சிசி, ஆட்டோ கியர், டர்போ கிடையாது. 2014-இல் வாங்கினேன். என் மனைவி செந்தூலில் பிறந்தவர். மாமனார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எல்லாவற்றுக்கும் சமையல் எடுத்துச் செய்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்குச் செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டைகளை ஏற்றுவேன். பத்து மணிக்கு அதே இடத்தில் சாம்பார் அண்டாவும் சோற்றுக் குண்டானும் உட்கார்ந்திருக்கும். பின்சீட்டை மடக்கினால் இரண்டு பெரிய அண்டாக்களும் இலைக்கட்டும் தாராளமாகக் கொள்ளும். வண்டி தரையோடு தாழ்வாக இருப்பதால் அண்டாவை இடுப்புயரத்துக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. வேனைப் போல உயரமில்லை என்பதால் கொண்டோ கார் நிறுத்துமிடத்தில் கூரை தட்டாது. இந்த இரண்டுக்காகவே எனக்கு வேகன் பிடிக்கும்.

ஒரு சின்ன விஷயம்: இங்கே யாரிடமும் "எஸ்டேட் கார்" என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் எஸ்டேட் என்றால் ரப்பர் தோட்டம்தான். வேகன் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

நம் ஊரில் கார் பதினைந்து வருடத்தை எட்டினால் எஃப்.சி., ஆர்.சி. புதுப்பிப்பு என்று அலைய வேண்டும். இங்கே சொந்த உபயோகக் காருக்கு வயது வரம்பு இல்லை, வருடாந்தரக் கட்டாயச் சோதனையும் இல்லை. பெயர் மாற்றும்போது ஒரு முறை பி5 சோதனை செய்வார்கள், அவ்வளவுதான். கேட்க வசதியாக இருக்கும். ஆனால் பிரேக் பைப் துருப்பிடித்திருக்கிறதா, டயர் காலாவதியாகிவிட்டதா என்று உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராக இல்லையென்றால் பழைய வண்டி வேண்டாம்.

வேலைக்குப் போய்வர, பிள்ளையைப் பள்ளியில் விட என்று மட்டும்தான் கார் தேவையென்றால் உள்ளூர்ச் சின்னக் காரான பெரோடுவா மைவி ஒன்று வாங்குங்கள். மூலைக்கு மூலை உதிரிபாகம் கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் பழுது பார்ப்பார்கள். வேகன் சுமை ஏற்றுபவர்களுக்கும், அடிக்கடி மலையேறுபவர்களுக்கும், வண்டிக்கு நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கும்தான்.

இனி செலவு. சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. தீபகற்ப மலேசியாவில் என் 1994 சிசிக்கு வருடம் 377 ரிங்கிட். இதே வண்டியில் 2.5 லிட்டர் எஞ்சின் என்றால் 837 ரிங்கிட். ஆறு சிலிண்டர் 3.0 என்றால் 2,100 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். 3.0 வேகன்கள் ஏன் அவ்வளவு மலிவாக வருகின்றன என்று இப்போது புரியும். தம்பி, நீங்கள் பார்த்த வண்டியின் சிசி என்ன என்பதை முதலில் கேளுங்கள்.

பெட்ரோலில் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 என்ற சாதாரணப் பெட்ரோலின் மானிய விலையான 1.99 ரிங்கிட், மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டையும் லைசன்ஸும் உள்ள குடிமக்களுக்கு மட்டும்தான். திட்டம் தொடங்கியபோது மற்றவர்களுக்கு லிட்டர் 2.60. என் வண்டி நகர நெரிசலில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. அந்த விலையில் நாற்பது லிட்டர் போட்டபோது, குடிமகன் அல்லாத நான் கொடுத்ததற்கும் என் மனைவி கொடுத்ததற்கும் இருபத்து நான்கு ரிங்கிட் வித்தியாசம் வந்தது. வேலை பெர்மிட்டில் வந்தவர்கள் தங்கள் மாதக் கணக்கை மானியமில்லாத அன்றைய முழு விலையில் போட்டுப் பாருங்கள். டர்போ வைத்த ஜிடி மாடலைச் சுமை வண்டியாக வாங்க வேண்டாம். அதற்கு விலை கூடிய ரோன்97 பெட்ரோல் வேண்டும், பராமரிப்பும் அதிகம்.

இவ்வளவு பழைய வண்டிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும், அதனால் ரொக்கமாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். கையில் பன்னிரண்டாயிரம் இருந்தால் எட்டாயிரத்துக்கு வண்டி பாருங்கள். மீதி நாலாயிரம் முதல் ஆறு மாதத்திலேயே செலவாகிவிடும். இன்சூரன்ஸிலும் பதினைந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு முழுக் காப்பீடு கிடைப்பது கஷ்டம். எனக்கு இப்போது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். வெள்ளத்தில் மூழ்கினால் ஒரு காசு வராது. அதனால் வானம் கறுத்தால் வண்டியை மேல்தளத்துக்கு ஏற்றிவிடுகிறேன்.

இனி டயர். இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

ஃபோர் வீல் வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே பிராண்டு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் கொண்டவையாக இருக்க வேண்டும். காரணம் எளிது. புது டயரின் சுற்றளவு தேய்ந்த டயரைவிடப் பெரியது. தரையைத் தொடும் டயர்க் கட்டையின் உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றாலே சுற்றளவில் ஆறு மில்லிமீட்டர் கூடிவிடும். சுபாரு அனுமதிப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். பின்சக்கரத்துக்கு விசையை அனுப்பும் கிளட்ச் தட்டுகள் நேர்சாலையிலும் ஓயாமல் உரசிச் சூடாகி, கடைசியில் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இது நடந்தது. ஒரு டயரின் பக்கவாட்டு கிழிந்துபோக, டயர் கடைக்காரர் ஒரே ஒரு புது டயரை மாட்டி அனுப்பினார். எனக்கும் அப்போது விவரம் தெரியாது. இரண்டு மாதம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் சுழல்பாதையில் ஏறும்போது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்ததும், பின்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் வண்டி திக்கித் திக்கிப் போனது. பின்னால் வைத்திருந்த பாயச வாளி தளும்பி மூடி கழன்றது. கியர்பாக்ஸைப் பிரித்துக் கிளட்ச் தட்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. நான்கு டயர் வாங்கியிருந்தால் அதில் பாதிதான் செலவாகியிருக்கும்.

பழைய வண்டி பார்க்கும்போது இதையே சோதனையாக்குங்கள். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, மெதுவாக வட்டமாக ஓட்டுங்கள். பிறகு மறுபக்கம். சீராகச் சுற்றினால் சரி. திக்கினால், துள்ளினால் இறங்கிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம் செய்தது.

வண்டி வழியில் நின்றுவிட்டால் முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல், முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் லாரிதான் வேண்டும். போனில் கூப்பிடும்போதே "ஃபோர் வீல் டிரைவ்" என்று சொல்லிவிடுங்கள். நெடுஞ்சாலையில் கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சுபாரு எஞ்சினில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த வாக்கில் இருக்கும். அதனால் வால்வு மூடியின் ரப்பர் இறுகிப்போனால் கசியும் எண்ணெய் கீழே சூடான புகைக்குழாயில் சொட்டும். சிக்னலில் நிற்கும்போது ஏர்கோன் வழியாகக் கருகல் வாடை வந்தால் அதுதான். எங்கள் வண்டியில் தாளித்த வாடை எப்போதும் இருக்கும் என்பதால் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டேன். கேஸ் அடுப்பைத் துடைப்பதுபோல அந்தக் குழாயையும் துடைத்துப் பார்க்கும் பழக்கம் அப்புறம்தான் வந்தது.

டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். தண்ணீர் பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான். பம்பையும் உருளைகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், திரும்பப் பிரிக்கும் கூலி மிச்சம். எப்போது மாற்றியது என்று விற்பவரால் பில்லோடு காட்ட முடியவில்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பழைய 2.5 எஞ்சினில் ஹெட் கேஸ்கட் கசிவு பேர்போன வியாதி. இரண்டு லிட்டரில் அது குறைவு. நான் இரண்டு லிட்டரையே சொல்வதற்கு வரியோடு இதுவும் காரணம்.

உதிரிபாகத்துக்கு ஹாஃப்கட் கடைகள் இந்த நாட்டில் பெரிய உதவி. ஜப்பானில் ஓடிய வண்டியைப் பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து பிரித்து விற்பார்கள். கதவு, விளக்கு, ஆல்டர்னேட்டர், ஏன் கியர்பாக்ஸ்கூட அங்கே வாங்கலாம். ரப்பர் சாமான், பெல்ட், பிரேக் மட்டும் எப்போதும் புதிதாக வாங்குங்கள். இந்த வெயிலில் ரப்பர் புதிதாக இருந்தாலே சீக்கிரம் வெடித்துவிடும்.

மழையைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். கேமரன் மலையில் பிரிஞ்சாங் பக்கம், சேறு பூசிய செங்குத்துத் தோட்டப் பாதையில், முட்டைக்கோஸ் மூட்டைகளோடு என் வண்டி நிதானமாக ஏறி வந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு வேன் சக்கரம் சுற்றிக்கொண்டு நின்ற இடம் அது. ஆனால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. காராக் நெடுஞ்சாலையில் கொட்டும் மழையில் பிரேக் போட்டால் எல்லாக் காரும் ஒன்றுதான். ஏறும்போது வரும் தைரியம் இறங்கும்போது வேண்டாம்.

பினாங்கிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார், அங்கேயும் இது பொருந்துமா என்று. பொருந்தும் அக்கா. பாலிக் பூலாவ் மலைப்பாதைக்கு நல்ல வண்டி. கடற்காற்று உள்ள இடம் என்பதால் பின்சக்கர வளைவையும் அடித்தட்டையும் டார்ச் அடித்துத் துரு பாருங்கள். வோல்வோ, ஆடி வேகன்கள் பற்றியும் கேட்டீர்கள். ஓட்ட நன்றாக இருக்கும், ஆனால் அவற்றைத் தெரிந்த பட்டறை வீட்டருகில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பார்க்கப் போகும்போது: கெரானில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், செய்த வருடமும் பதிவு செய்த தேதியும் தனித்தனியாக இருக்கும். ஜப்பானில் ஓடிய பிறகு ரீகோனாக இங்கே இறக்குமதியான வண்டிக்கு இரண்டுக்கும் இடையே சில வருடம் இடைவெளி இருக்கும். நம்பர் பிளேட்டை வைத்து வயதைக் கணக்கிட்டு ஏமாறாதீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், கழுவ மறந்த சேற்றுக்கோடு அங்கேதான் இருக்கும். ஸ்பேர் டயர் குழியில் கைவிட்டுத் தடவுங்கள்.

காலையில், எஞ்சின் சூடாகும் முன்னால் போங்கள். போய் இறங்கியதும் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், அது எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், தம்பி.