வீடியோ கேமில் டேமேஜ் பெர்க் (அடியின் வலுவைக் கூட்டும் திறன்) உங்களுக்குக் கைகொடுத்த சண்டை, அல்லது கைவிட்ட சண்டை எது?

இரட்டைவாள்:
ஸ்கைரிமில் ஆர்ம்ஸ்மேன் பெர்க்கின் ஐந்து படியையும் நிரப்பிய கையோடு லெஜண்டரி என்ற மிகக் கடினமான நிலைக்கு மாற்றினேன். பெர்க் ஒற்றைக்கை ஆயுதத்தின் டேமேஜை இரண்டு மடங்காக்கும், லெஜண்டரி அதைக் கால் பங்காகக் குறைக்கும். அதாவது ஐந்து புள்ளி போட்ட பிறகும், சாதாரண நிலையான அடெப்ட்டில் பெர்க்கே இல்லாமல் அடிப்பவரின் பாதி அடிதான் விழும். சரி, அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

ஒரு டிராகர் டெத்லார்டு, கல்லறையில் எழுந்து வரும் வலுவான பிணவீரன். உயிர்ப்பட்டை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்போதுதான் ஒரு கத்து கத்தினான் பாருங்கள், என் வாள் கையை விட்டுப் பறந்து சவப்பெட்டிகளுக்குப் பின்னால் இருட்டில் எங்கோ விழுந்தது. ஆர்ம்ஸ்மேன் வெறுங்கைக்கு எதுவும் தராது. அந்த ஐந்து புள்ளியை வேறு எதிலாவது போட்டிருந்தால் அங்கே பிழைத்திருப்பேனா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

நிழல்நடை:
லெஜண்டரி என்பதால்தானே அந்தப் பெர்க் அதிகம் தேவைப்படுகிறது? அது இல்லாவிட்டால் கால் பங்கோடு நிற்பீர்கள். எதிரி இரண்டு மடங்கு நேரம் உயிரோடு இருப்பான், அந்த நேரம் முழுக்க மூன்று மடங்கு அடி வாங்குவீர்கள்.

என் சண்டை சின்னது. அசாசின்ஸ் பிளேடு பெர்க், டார்க் பிரதர்ஹுட் என்ற கொலையாளிக் கூட்டத்தின் கையுறை, ஒரு குத்துவாள். மறைந்திருந்து குத்தினால் 15 மடங்கு, கையுறை போட்டால் 30. லெஜண்டரி அதைக் கால் பங்காக்கினாலும் ஏழரை மடங்கு மிச்சம். கொள்ளையர் தலைவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒரே குத்து, எழுந்திருக்கவே இல்லை. சுற்றி இருந்தவர்கள் தேட ஆரம்பித்தபோது நான் படிக்கட்டுக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டேமேஜ் பெர்க் வீண் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும்.

கனவாள்:
பால்டர்ஸ் கேட் 3, கித்யாங்கி என்ற போர் இனத்தின் கூட்டம், முதல் ஆக்ட். நாலாவது லெவலில் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட்டை (கூடுதல் திறனை) எடுத்திருந்தேன். பகடையில் 12 விழுந்தது, சாதாரணமாகப் பட்டிருக்கும். அந்த ஃபீட் தரும் ஆல் இன் முறையைப் போட்டிருந்ததால் 5 கழிந்து தவறியது. அடுத்த முறையில் அந்தக் கித்யாங்கிப் பெண் என் ஃபைட்டரைச் சாய்த்துவிட்டாள். அந்த 12 இன்னும் உறுத்துகிறது.

இரட்டைவாள், உங்களுக்கு இது பயன்படும், கேளுங்கள். 20 பக்கப் பகடையில் 5 கழிந்தால் குறி படும் வாய்ப்பு 25 சதவீதப் புள்ளி குறையும். பதிலுக்கு டேமேஜில் 10 கூடும். சராசரியாக 11 அடிக்கும் பெரிய வாளை எடுத்துக்கொள்ளுங்கள். 65 சதவீதம் படும் எதிரியிடம் ஒரு வீச்சுக்கு 7.15 கிடைக்கும், ஆல் இன் போட்டால் 40 சதவீதத்தில் 21, அதாவது 8.4. லாபம்தான். 40 சதவீதம் மட்டுமே படும் கவசக்காரனிடம் 4.4 என்பது 3.15 ஆகிவிடும், நஷ்டம். 90 சதவீதம் படுகிறவனிடமோ 9.9 என்பது 13.65. அதனால் குறியைக் கூட்டும் பிளெஸ் மந்திரம் போட்டுக்கொள்ளுங்கள், அட்வாண்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைக்கும் இடத்தில் நின்று அடியுங்கள், கனமான கவசம் தெரிந்தால் ஆல் இன்னை அணைத்துவிடுங்கள். லெவல் 12 வரைதான் விளையாட்டு, பெரும்பாலான வகுப்புகளுக்கு 4, 8, 12 என மூன்று ஃபீட்தான். ஒன்றை எடுத்தால் இன்னொன்று போகும். ஸ்கைரிமில் லெவலுக்கு ஒரு புள்ளி வந்துகொண்டே இருப்பதால் இந்த நெருக்கடி உங்களுக்குத் தெரிவதில்லை. அப்புறம் கவசத்தையும் பாருங்கள், கவச மதிப்பை 567க்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் 80 சதவீதத் தடுப்பைத் தாண்டாது. அந்த உச்சத்தைத் தொட்ட பிறகு ஆர்ம்ஸ்மேனில் போடுவதே சரி.

தீக்கோல்:
கனவாள், அவர் கேட்டது வாள் பறிபோனதைப் பற்றி, ஃபீட் கணக்கை அல்ல. நிழல்நடை, உங்கள் 30 மடங்கு எதிரி உங்களைப் பார்க்காத வரைதான்.

ஸ்கைரிமில் ஹை ஹ்ரோத்கர் மலை மடத்துக்குப் போகும் வழியில் அந்தப் பனி ட்ரோல் அரக்கன். மந்திரவாதியாகப் போனேன். டிஸ்ட்ரக்‌ஷன் என்ற தாக்குதல் மந்திர ஸ்கில் ஏறினால் மந்திரத்தின் செலவுதான் குறையும், அடி கூடாது, ஆக்மென்டட் ஃபிளேம்ஸ் போன்ற பெர்க்தான் கூட்ட வேண்டும். அதை எடுக்காமல் முதலில் போனபோது நான் மேஜிக்கா (மந்திரச் சக்தி) ஊறுவதற்காக ஓடுவேன், திரும்பிப் பார்த்தால் அவன் உயிர்ப்பட்டை மறுபடி ஏறியிருக்கும். ட்ரோல் தானாகவே குணமாகும் இனம். முதல் படி எடுத்துவிட்டு வந்தேன், தீயில் 25 சதவீதம் கூடுதல். தீ என்றாலே ட்ரோலுக்கு ஆகாது. மேஜிக்கா தீர்வதற்குள் பனியில் விழுந்தான். குணமாகும் வேகத்தை உங்கள் அடி முந்தாவிட்டால் சண்டை முடியவே முடியாது, அந்த இடத்தில் 25 சதவீதம் சின்ன எண் இல்லை.

இரட்டைவாள்:
தீக்கோல் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. டிராகர் குணமாகிறவன் அல்ல, அதனால் என் சண்டையில் நேரம் இழுத்தாலும் பிழைக்க வழி இருந்தது. 100 உயிர் உள்ளவனை 40, 40 என்று அடித்தால் மூன்று அடி. 20 சதவீதம் கூட்டி 48 ஆக்கினாலும் மூன்று அடிதான். 50 ஆனால்தான் இரண்டு. அந்த எல்லையைத் தாண்டாத புள்ளியைவிட, ஒரே பொத்தானில் வரும்படி ஹாட்கீயில் வைத்த இரண்டாவது வாள் மேல் என்றே இப்போது நினைக்கிறேன்.

நிழல்நடை:
இரண்டாவது வாள் எடுத்தாலும் அதற்கும் அதே ஆர்ம்ஸ்மேன்தானே பொருந்துகிறது? போட்ட புள்ளியைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள். அவன் வாயைத் திறக்கும் முன் தூணுக்குப் பின்னால் போய்விடுங்கள், அந்தக் கத்தல் நேர்கோட்டில்தான் வரும்.