9 நாள் தாராக் குஞ்சு எழும்பி நடக்க மாட்டேன் என்கிறது, தீனில் பிழையா?

கேள்வி, வெள்ளவத்தையிலிருந்து

வணக்கம். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் போன கிழமை 4 தாராக் குஞ்சுகள் வாங்கினோம். பொரித்து 2 நாள் என்று சொல்லித் தந்தார்கள். அப்படிப் பார்த்தால் இன்றைக்கு 9 நாள். வெள்ளைத் தாரா, பெக்கின் இனம் என்றார்கள். மூன்று குஞ்சுகள் நன்றாக ஓடித் திரிகின்றன. ஒன்று மட்டும் நேற்றிலிருந்து உட்கார்ந்தபடியே இருக்கிறது. தூக்கி நிறுத்தினால் இரண்டடி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடும். காலின் நடு மூட்டு கொஞ்சம் தடித்த மாதிரித் தெரிகிறது, கால்களும் வெளிப்பக்கம் வளைந்திருக்கின்றன. கண் தெளிவு. சாப்பாட்டைக் கண்டால் கழுத்தை நீட்டுகிறது.

காலையில் சோறும் பாலில் நனைத்த பாணும் கொடுக்கிறோம். பின்னேரம் கடையில் நிறுத்துத் தருகிற கோழிக்குஞ்சுத் தீன் ஒரு பிடி. தண்ணீர் ஒரு போத்தல் மூடியில். பெட்டிக்குள் பேப்பர் விரித்திருக்கிறோம். பிள்ளைகள் பின்னேரத்தில் பேசினில் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் நீந்த விடுவார்கள். எதில் பிழை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூத்தவள் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறாள்.

பதில், வத்தளையிலிருந்து

தங்கச்சி, நான் 12 வருடமாகத் தாரா வளர்க்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நயசின் குறைவு போலத்தான் இருக்கிறது. நயசின் என்றால் விட்டமின் பி3. முதல் தடவை தாரா வளர்க்கிற வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். எனக்கும் முதல் கூட்டத்தில் இரண்டு குஞ்சுகள் இப்படி விழுந்தன.

கோழிக்குஞ்சு, தீனின் புரதத்தில் இருக்கிற ட்ரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்த விட்டமினை ஓரளவுக்குத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். தாராக் குஞ்சுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு, சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. ஒரு கிலோ தீனில் ஏறத்தாழ 55 மில்லிகிராம் நயசின் அதற்கு வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு தேவையில்லை, அதனால் கோழித் தீன் தாராவுக்குக் காணாமல் போகலாம். சோறு, பாணில் இருப்பது இன்னும் சொற்பம். பெக்கின் வேறு வேகமாக உடம்பு போடுகிற இனம், நல்ல தீன் கிடைத்தால் 7 கிழமையில் 3 கிலோ வரை வந்துவிடும். உடம்பு ஏற ஏறக் கால் தாங்காது. அதனால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாதீர்கள், இன்றைக்கே மாற்றுங்கள்.

பாணையும் பாலையும் இன்றோடு நிறுத்துங்கள். பறவைக்குப் பால் செரிக்காது, கழிச்சல் வரும். பாண் வயிற்றை நிரப்பிவிட்டுத் தீனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஸ்டார்ட்டர் என்கிற கோழிக்குஞ்சுத் தீனையே முழுச் சாப்பாடாக வையுங்கள், புரதம் 20 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். நிறுத்து வாங்கும்போது மூட்டையில் ஒட்டியிருக்கிற லேபலைக் காட்டச் சொல்லுங்கள். முட்டைக் கோழிக்கான லேயர் தீனைத் தவறிக்கூட வாங்க வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து பல மடங்கு, குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஒரு கப் தீனுக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் (பியர் வடிக்கும்போது மிஞ்சுகிற ஈஸ்ட், நயசின் நிறைய இருக்கும்) கலந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வையுங்கள். தூளாக இருந்தால் தொண்டையில் அடைக்கும்.

அடுத்தது தண்ணீர். போத்தல் மூடி போதவே போதாது. தாரா சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் தேடும். அலகு முழுவதும் மூக்குத் துளையோடு தண்ணீரில் முங்க வேண்டும், இல்லாவிட்டால் தீன் ஒட்டி மூக்கு அடைபட்டுக் கண்ணும் கெடும். சின்னக் கிண்ணத்தில் ஆழமாக வைத்து, உள்ளே இறங்கி மூழ்காதபடி நடுவில் கழுவிய கூழாங்கல் போடுங்கள். தீன் இருக்கிற இடத்தில் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும்.

பேப்பரை எடுத்துவிடுங்கள். வழுக்கி வழுக்கியே கால் விரிந்துபோகும். பழைய துவாய் அல்லது ரப்பர் பாய் நல்லது.

பதில், கொட்டாஞ்சேனையிலிருந்து

ஊரில் அம்மா தவிடும் குறுணலும் கடலைப் புண்ணாக்கும் ஊறவைத்துத்தான் கொடுப்பா. ஒரு குஞ்சுக்கும் கால் வளைந்ததில்லை. புறக்கோட்டையில் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும் அக்கா, அதைக் கொடுத்துப் பாருங்கள்.

பதில், தெகிவளையிலிருந்து

தம்பி, கோபிக்க வேண்டாம், கடலைப் புண்ணாக்கு மட்டும் வேண்டாம். நான் கால்நடை மருத்துவம் படித்தவன், இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. காரணம், தீனில் கலந்திருந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உலகம் கண்டுபிடித்தது அதிலிருந்துதான். அந்த நஞ்சுக்கு மிகச் சுலபமாக விழுகிற பறவைகளில் தாராக் குஞ்சு முன்னால் நிற்கிறது. ஈரலைத்தான் தாக்கும். கொழும்பின் புழுக்கத்தில் திறந்த மூட்டையில் கிடக்கிற புண்ணாக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேங்காய்ப் புண்ணாக்கும் அப்படித்தான். கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம்.

உங்கள் அம்மாவின் தாராக்கள் நன்றாக வளர்ந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவை தவிட்டில் மட்டும் வளரவில்லை. வயலில் இறங்கி நத்தை, புழு, பூச்சி, பாசி எல்லாம் பொறுக்கித் தின்றிருக்கும், நயசின் அங்கிருந்து வந்தது. வெள்ளவத்தை முற்றத்தில் அடைபட்ட குஞ்சுக்கு அந்த வயலை நாம்தான் கிண்ணத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

அக்கா, ஒன்று கவனியுங்கள். மூட்டுத் தடித்துக் கால் வளைந்தால் நயசின் என்று நினைக்கலாம். ஒரு கால் மட்டும் பக்கவாட்டில் முறுகித் திரும்பியிருந்தால் மூட்டின் பின்னால் இருக்கிற தசைநாண் விலகியிருக்கும், விட்டமின் அதைத் திருப்பாது. கழுத்துத் துவண்டு தலை தொங்கினால் அழுகல் தண்ணீரிலோ அழுகிய சாப்பாட்டிலோ வருகிற நஞ்சு. இந்த இரண்டில் எதைக் கண்டாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கேட்டவர்

கழுத்து நேராக இருக்கிறது, இரண்டு காலும் ஒரே மாதிரி வளைவு. அக்காவுக்கும் தெகிவளைத் தம்பிக்கும் நன்றி. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் நான்கு கடையில் கேட்டும் கிடைக்கவில்லை. பேக்கரிக்குப் போடுகிற ஈஸ்ட் சரிவருமா? வீட்டில் பி கொம்ப்ளெக்ஸ் குளுசையும் இருக்கிறது.

பதில், தெகிவளையிலிருந்து

பேக்கரி ஈஸ்ட் உயிருள்ளது, வயிற்றுக்குள் போயும் பொங்கும். கொடுக்க வேண்டாம். குளுசை நல்ல வழி. அட்டையில் நயசின் அல்லது நிக்கோட்டினமைட் எத்தனை மில்லிகிராம் என்று வாசியுங்கள். 50 என்று இருந்தால் ஒரு குளுசையைத் தூளாக்கி ஒன்றரை லீட்டர் குடிதண்ணீரில் கரையுங்கள். நான்கு குஞ்சுக்கும் அதே தண்ணீரைக் கொடுங்கள், மற்ற மூன்றும் அதே சாப்பாட்டில்தானே வளர்ந்தன. தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். கூடக் குறைய இருந்தால் மிச்சம் சிறுநீரில் போய்விடும், ஆனாலும் அள்ளிப் போடாதீர்கள். இரும்புச் சத்துச் சேர்ந்த குளுசையாக இருந்தால் வேண்டாம்.

பதில், வத்தளையிலிருந்து

நீச்சலையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள் தங்கச்சி. தாய் கூட இருந்தால் அதன் இறகு எண்ணெய் குஞ்சில் படும். தனியாக வளர்கிற குஞ்சு தண்ணீரில் ஊறிக் குளிர்ந்துவிடும். நடக்க முடியாத குஞ்சை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 5 நிமிடம் நெஞ்சைத் தாங்கிப் பிடியுங்கள், பாரமில்லாமல் காலை அசைக்கும். பிறகு நன்றாகத் துடைத்துவிட வேண்டும். மூத்தவளிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

முதல் கிழமை 32 பாகை சூடு தேவை, அப்புறம் கிழமைக்கு 3 பாகை குறைத்துக்கொண்டே வரலாம். கொழும்பில் பகலில் பல்ப் தேவைப்படாது. இரவும் மழையும் வந்தால் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பல்ப் போடுங்கள், சூடு வேண்டுமென்றால் குஞ்சு அங்கே போகும், வேண்டாமென்றால் விலகும். பிசைந்த தீனை மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இந்த வெயிலுக்குப் புளித்துவிடும்.

கேட்டவர், 3 நாள் கழித்து

இன்று காலையில் தானாக எழும்பித் தண்ணீர்க் கிண்ணம் வரை நடந்தது! நான்கைந்து அடிதான், ஆனால் விழவில்லை. மகள் அழுதுவிட்டாள். 50 மில்லிகிராம் குளுசைதான், நீங்கள் சொன்ன அளவிலேயே கொடுக்கிறேன்.

பதில், தெகிவளையிலிருந்து

நல்ல செய்தி. நடக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள், எலும்பு வளர்ந்து முடியும் வரை, 8 முதல் 10 கிழமைக்கு, நயசின் தொடர வேண்டும். வளைவு முழுவதும் நேராகாமல் கொஞ்சம் மிஞ்சலாம், அதோடும் நன்றாக வாழும். 3 கிழமை ஆனதும் ஸ்டார்ட்டரிலிருந்து குரோவர் என்கிற வளரும் குஞ்சுக்கான தீனுக்கு மாற்றுங்கள், புரதம் 16 சதவீதம் அளவில் போதும். அதற்கு மேல் ஊட்டினால் இறகு பாரமாகி, செட்டையின் நுனி வெளிப்பக்கம் திரும்பிவிடுவதுண்டு.

கேட்டவர்

கீரை கொடுக்கலாமா? பிள்ளைகள் கடற்கரையிலிருந்து மணலும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், செரிக்க மணல் வேண்டுமாமே.

பதில், வத்தளையிலிருந்து

கங்குன், பொன்னாங்காணி இரண்டும் நல்லது. பொடியாக அரிந்து தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்க விடுங்கள், விரட்டி விரட்டித் தின்னும். பட்டர்ப்ரூட்டின் தோல், இலை, சதை எதுவும் கிட்டவே வர வேண்டாம், பறவைக்கு நஞ்சு. கீரை தொடங்கினால் மணலும் வேண்டும், ஆனால் கடல் மணல் கூடாது. அதில் உப்பு இருக்கிறது, குஞ்சு தாங்காது. கட்டட வேலைக்கு எடுக்கிற ஆற்று மணலில் பருமனானதாக ஒரு பிடி அரித்து, கழுவி, சின்ன மூடியில் தனியாக வையுங்கள்.