பிளீடிங் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது) செய்த பிறகும் பிரேக் மிதி கெட்டிப்படவில்லை: மோரிஸ் மைனர் கார், 1965

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்று. மூன்று வாரம் முன்பு எல்லா வீல் சிலிண்டர்களும் (பிரேக் ஷூவைத் தள்ளுபவை) மூன்று ரப்பர் ஹோஸ்களும் புதிதாகப் போட்டேன். அன்றிலிருந்து முதல் மிதியில் பெடல் பாதிக்குமேல் இறங்குகிறது. இரண்டு முறை வேகமாக மிதித்தால் கெட்டியாகிறது. பத்து நொடி விட்டு மிதித்தால் பழையபடி பஞ்சு மாதிரி. எங்கும் கசிவு இல்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை.

ஷூக்களைச் சக்கரம் இறுகும்வரை அட்ஜஸ்ட் செய்து, ஒரு கிளிக் பின்வாங்கியிருக்கிறேன். இதைச் செய்யாமல் எவ்வளவு பிளீட் செய்தாலும் மிதி ஆழமாகத்தான் போகும் என்பதால் முதலில் இதைத்தான் பார்த்தேன். பிறகு ஆள் வைத்து மிதித்து, தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி, டாட் 4 ஆயில் ஒரு லிட்டர் ஓட்டியாகிவிட்டது. மிதியை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் காரின் தரைக்கு அடியில் தாழ்வாக இருப்பதால் டேங்க் காலியாகாமல் அடிக்கடி நிரப்பினேன். கடைசியில் குமிழி வரவே இல்லை.

மூன்று ஹோஸையும் கிளாம்ப் போட்டு அடைத்தால் மிதி கல் மாதிரி நிற்கிறது, ஆக மாஸ்டர் சிலிண்டர் நன்றாகவே இருக்கிறது. பின்பக்கத்தையும் முன் இடதையும் திறந்தாலும் அப்படியே. முன் வலதைத் திறந்த உடனே இறங்குகிறது. அங்கே இரண்டு வீல் சிலிண்டர், நடுவே இணைப்புக் குழாய், காற்றை வெளியேற்றும் பிளீட் நிப்பிள் ஒன்றுதான்.

டிரம்மைக் கழற்றி, இரண்டு பிஸ்டன்களையும் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு பிளீட் செய்தால் அந்தக் குழாயில் சிக்கிய காற்று வெளியேறுமா?