மல்டிபாத்: நாலு பாத்தும் ஒன்றாகப் போன இரவு

இரவுப்பணி:
மூன்று வருடம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை. சர்வரில் இரண்டு எச்பிஏ (ஸ்டோரேஜ் நெட்வொர்க்கான சானுக்குப் போகும் கார்டு), ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர், ஒரே டிஸ்க்குக்குப் போகும் பல வழிகளை ஒன்றாக்கும் லினக்ஸ் மல்டிபாத். மல்டிபாத் -எல்எல் அடித்தால் லன்னுக்கு (ஸ்டோரேஜ் கொடுக்கும் டிஸ்க்) நாலு பாத்தும் ‘ஆக்டிவ் ரெடி ரன்னிங்’. அதைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தேன். இரண்டு எச்பிஏவின் கேபிளும் ஒரே ஸ்விட்ச்சில் செருகியிருந்தது அந்தத் திரையில் தெரியாது. ஸ்விட்ச்சுக்கு ஃபர்ம்வேர் ஏற்றிய இரவு நாலும் ஒன்றாகப் போயின, எல்லா பாத்தும் போனால் என்ன செய்வது என்று சொல்லும் நோ பாத் ரீட்ரை ‘க்யூ’ என்று, அதாவது பாத் திரும்பும்வரை பிழை கொடுக்காமல் காத்திரு என்று, இருந்தது. டிஎஃப் -எச் அடித்தேன், கர்சர் திரும்பவே இல்லை. கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் அசையவில்லை. இன்னொரு டெர்மினலில் டாப் போட்டால் லோடு 40, 90, 180 என்று ஏறுகிறது, சிபியு சும்மா கிடக்கிறது, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ப்ராசஸ் எல்லாம் டிஸ்க்குக்காகக் காத்து ‘டி’ நிலையில், கில் -9 கொடுத்தும் போகவில்லை. பொறுக்க முடியாமல் பவரை நிறுத்திப் போட்டேன். பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் வந்துவிட்டது. பக்கத்து ரேக்கில் நான் கை வைக்காத சர்வர் ஒரு பிழையும் இல்லாமல் விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தது. என்னுடையதில் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே விடியும்வரை ஓடிக்கொண்டிருந்தது.

பழைய ரூட்:
இதனால்தான் க்யூ வைக்கவே கூடாது என்கிறேன். ஃபெயில் என்று வையுங்கள், என்ன ஆச்சு என்றாவது உடனே தெரியும்.
எனக்கு நடந்தது வேறு. இரண்டு நோடு (சர்வர்) க்ளஸ்டர், லன்னுக்கு எம்பாத்-ஏ, எம்பாத்-பி என்று எளிய பெயர் கொடுக்கும் யூசர் ஃப்ரெண்ட்லி நேம்ஸ் போட்டிருந்தோம். புது லன் முதல் நோடில் எம்பாத்-சி என்று வந்தது, இரண்டாவதிலும் அதே பெயர்தான் என்று நினைத்து அங்கே ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் எக்ஸ்எஃப்எஸ் அடித்தேன். ‘ஏற்கெனவே ஃபைல் சிஸ்டம் இருக்கிறது, வேண்டுமென்றால் -எஃப் போடு’ என்று நின்றது. பழைய லன்னின் மிச்சம்தானே என்று -எஃப் போட்டேன். அது முதல் நோடில் மவுண்ட் ஆகியிருந்த பேக்கப் லன். அங்கே எல்எஸ் அடித்தால் ஃபைல்கள் இன்னும் தெரிந்துகொண்டிருந்தன, கேச்சில் இருந்து. அதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

ஃபைபர்:
பழைய ரூட் சொல்வதை ஏற்க முடியாது. ஃபெயில் வைத்தால் எல்லா பாத்தும் ஐந்து விநாடி ஆடினாலும் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகிவிடும், எக்ஸ்எஃப்எஸ் ஷட்டவுன் ஆகிவிடும். எங்களிடம் ஒரு முறை கன்ட்ரோலர் மாறிய நேரத்தில் அப்படித்தான் பதினோரு மவுண்ட் ஒன்றாக விழுந்தன. என் கதை அவ்வளவுதான்.
நோ பாத் ரீட்ரைக்கு எண் வையுங்கள். பாத்தைச் சோதிக்கும் போலிங் 5 விநாடி, நோ பாத் ரீட்ரை 12 என்றால் ஒரு நிமிடம் பொறுக்கும், அப்புறம் பிழை கொடுக்கும். ஃபர்ம்வேர் ஏற்றும் அன்று முன்கூட்டியே கூட்டிவிடலாம். பெயர் விஷயத்துக்கு, டபிள்யூடபிள்யூஐடியைப் (லன்னின் மாறாத அடையாள எண்) பார்த்து ஒவ்வொரு லன்னுக்கும் அலியாஸ் (நாமே வைக்கும் பெயர்) எழுதி எல்லா நோடிலும் ஒரே கான்ஃப் ஃபைலை வையுங்கள். எம்பாத் எழுத்தை ஒவ்வொரு சர்வரும் தான் கண்டுபிடித்த வரிசையில் தானாகவே கொடுக்கிறது. டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரிக்கும் எல்விஎம் இருந்தால் அதன் ஃபில்டரில் அந்த பாத்துகளின் எஸ்டி டிவைஸ்களை ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் ஒரே டிஸ்க்கைப் பல முறை பார்த்து டூப்ளிகேட் பிவி என்று கத்தலாம். ரூட் டிஸ்க்கே சானில் இருந்தால் கான்ஃப் மாற்றிய கையோடு பூட் இமேஜைப் புதுப்பிக்கும் ட்ராகட் -எஃப் அடியுங்கள், அதை மறந்தால் பூட்டில் பழைய கான்ஃப்தான் வரும். இரவுப்பணி, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: லைவுக்குப் போகும் முன் ஒரு கேபிளைக் கையால் பிடுங்கிப் பாருங்கள்.

இரவுப்பணி:
பிடுங்கிப் பார்த்தேன் ஐயா, அதுதான் கஷ்டமே. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், ஒவ்வொரு முறையும் இரண்டு பாத் மிச்சம் நின்றது. ஸ்விட்ச்சை நிறுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.