புதுப்பிப்பு: சறுக்குவண்டியின் முன்னால் தண்ணீர் ஊற்றுபவர்

எகிப்தின் டேர் எல்-பெர்ஷாவில் உள்ள ஜெஹூதிஹோதெப் என்ற பழங்கால மாகாண ஆளுநரின் கல்லறை ஓவியத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். சக்கரமில்லாத சறுக்குவண்டியில் ஏற்றிய பிரம்மாண்டமான சிலை ஒன்றை 172 பேர் நான்கு வரிசையாகக் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் நின்றபடி ஒருவர் சறுக்குவண்டிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றுகிறார். அது வெறும் சடங்குதானே என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதைச் சோதித்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். காய்ந்த மணலில் இழுத்தால் வண்டிக்கு முன்னால் மணல் குவிந்து வழிமறிக்கிறது. அளவாக நனைத்தால் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தரை இறுகுகிறது. இழுவிசை ஏறக்குறைய பாதி போதும். தண்ணீர் கூடிவிட்டாலோ மறுபடி திண்டாட்டம்தான். ஊற்றியவர் கைப்பக்குவம் தெரிந்த ஆளாகத்தான் இருந்திருப்பார். சடங்கும் கலந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதே ஓவியத்தில், காவடிபோலத் தோளில் தண்ணீர்க் குடங்களைத் தொங்கவிட்டுச் சுமந்து வரும் ஆட்களையும் பாருங்கள். வெறும் சடங்குக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு?